எவர்சில்வரும் உப்புக்காற்றும்: அணு எரிபொருள் கலங்களுக்குள் இறங்கும் ரோபோ

2019-இல் தெற்குக் கலிபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே கடற்கரையில் கேமரா பொருத்திய சிறிய ரோபோ ஒன்றை நிலத்தடிக் குழிக்குள் இறக்கினார்கள். குழியில் நிற்பது துருப்பிடிக்காத எஃகால் செய்த உயரமான உருளை. நம் வீட்டு மொழியில் சொன்னால் எவர்சில்வர் உருளை. ஆங்கிலத்தில் கேனிஸ்டர் என்பார்கள், இங்கே கலம் என்றே சொல்கிறேன். கலத்துக்குள் இருப்பது அணு உலையில் எரித்து முடித்த எரிபொருள். கலத்துக்கும் குழிச்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கையை நுழைக்கலாம், ஆள் நுழைய வழியில்லை. வழியிருந்தாலும் நுழையக்கூடாத இடம் அது. அணுமின் நிலைய ஊழியர் ஒருவருக்கு ஓராண்டுக்கு அனுமதித்த கதிர்வீச்சு முழுவதையும் அங்கே மிகச் சொற்ப நேரத்தில் வாங்கிவிடலாம்.

ரோபோவுக்குக் கொடுத்த வேலை எளிமையானது. குழிக்குள் இறக்கும்போது கலத்தின் மேல் விழுந்த கீறல்களைப் படம் பிடிக்க வேண்டும், அவற்றின் ஆழத்தைக் கணிக்க உதவ வேண்டும். எட்டுக் கலங்களை அப்படிப் பார்த்தார்கள். இருந்ததிலேயே ஆழமான கீறல் 0.026 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. கலத்தின் சுவர் 5/8 அங்குலம், ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். கீறலால் ஆபத்தில்லை என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஏற்றுக்கொண்டது.

கணக்கு சரிதான். ஆனால் அந்த ரோபோ பதில் சொன்னது அன்றைய கேள்விக்கு. ‘ஏற்கெனவே விழுந்த கீறல் எவ்வளவு ஆழம்?’ என்பது அந்தக் கேள்வி. இனிமேல் விழக்கூடிய விரிசலைப் பற்றிய கேள்வி வேறு. அது மெதுவாக வரும், கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாது. கலம் வைத்த முதல் சில ஆண்டுகளில் அதற்கான சூழலே அநேகமாக இருக்காது, காலம் போகப் போகத்தான் அந்தச் சூழல் உருவாகும். இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் உலகின் பல ஆய்வகங்களில் குட்டி ரோபோக்களைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில், எரிபொருள் ஏன் கடற்கரையில் இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் டியேகோவுக்கும் நடுவே கடலை ஒட்டி நின்ற அணுமின் நிலையம் அது. 2012 ஜனவரியில் நீராவி உற்பத்திக் கலனின் குழாய்கள் தேய்ந்து கசிந்ததால் உலைகளை நிறுத்தினார்கள். 2013 ஜூனில் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். நிலையம் மூடியதே ஒழிய எரிபொருள் எங்கும் போகவில்லை. அமெரிக்காவில் 1982-இல் சட்டம் போட்டு, 1987-இல் எரிபொருளை நிரந்தரமாகப் புதைக்க நெவாடா மாநிலத்தின் யக்கா மலையைத் தேர்ந்தெடுத்து, 1998 ஜனவரி 31 முதல் எரிபொருளை அரசு எடுத்துக்கொள்ளும் என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த நாள் வந்தது, போனது. மலைக்குள் ஒரு கட்டு எரிபொருள்கூடப் போகவில்லை. திட்டத்துக்கான நிதியும் பின்னர் நின்றது. ஆகவே ‘தற்காலிகம்’ என்ற பெயரில் எரிபொருள் அந்தந்த நிலையத்தின் வாசலிலேயே கிடக்கிறது. வர்ஜீனியாவின் சர்ரி நிலையத்தில் 1986-இல் தொடங்கிய உலர்சேமிப்பு இன்று அந்த நாட்டின் பொது வழக்கமாகிவிட்டது.

உலர்சேமிப்பின் அடிப்படை நேர்த்தியானது. உலையிலிருந்து எடுத்த எரிபொருளைச் சில ஆண்டுகள் நீர்க்குளத்தில் ஆறவிடுவார்கள். பிறகு எவர்சில்வர் கலத்துக்குள் அடுக்கி, தண்ணீரை வெளியேற்றி, ஹீலியம் நிரப்பி, மூடியை வெல்டிங் செய்து அடைப்பார்கள். கலத்தைச் சுற்றிக் கனமான கான்கிரீட் உறை. உறையில் காற்றுத் துவாரங்கள் உண்டு. கீழே குளிர்ந்த காற்று நுழையும், கலத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறி வெளியேறும். மின்விசிறி வேண்டாம், பம்ப் வேண்டாம், மின்சாரமே வேண்டாம். 2011-இல் ஃபுகுஷிமாவைச் சுனாமி தாக்கியபோது அங்கிருந்த ஒன்பது உலர்கலங்கள் தாக்குப்பிடித்தன. இந்த முறையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் அதன் பலவீனத்தையும் நேராகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

சான் ஓனோஃப்ரேயில் இருவகைக் கலங்கள் உள்ளன. 2003 முதல் வைத்தவை கான்கிரீட் அறைகளுக்குள் படுத்த வாக்கில் கிடக்கின்றன. பிறகு வந்த 73 கலங்கள் நிலத்தடிக் குழிகளில் நிற்கின்றன. எரிபொருள் உள்ளவை மொத்தம் 123. அவற்றில் சுமார் 1,600 டன் எரிபொருள் இருக்கிறது. கடல் கூப்பிடு தூரத்தில்.

2018 ஆகஸ்ட் 3 அன்று 29-ஆவது நிலத்தடிக் கலத்தை இறக்கினார்கள். சுமார் 50 டன் எடை. குழியின் உள்விளிம்பு வளையத்தில் அது தட்டி நின்றுவிட்டது. மேலே இருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. தூக்குப்பட்டைகள் தளர்ந்து, ஏறத்தாழ முக்கால் மணிநேரம் கலம் தாங்குவாரின்றி அந்த வளையத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. வழுக்கியிருந்தால் சுமார் 18 அடி விழுந்திருக்கும். சில நாட்கள் கழித்து, நிலையம் நடத்திய பொதுக்கூட்டம் ஒன்றில், அங்கே வேலை செய்த பாதுகாப்புப் பணியாளர் ஒருவர் எழுந்து நின்று சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரியவந்தது. வேலை ஏறக்குறைய ஓராண்டு நின்றது. 1,16,000 டாலர் அபராதம் விழுந்தது. இறக்கும்போது கலங்கள் உரசுகின்றன என்ற கவலையும் கூடவே எழுந்தது. முதலில் சொன்ன ரோபோ உள்ளே போனது இந்தப் பின்னணியில்தான். நாளிதழ்களில் பெரிய செய்தியானதும் இதுதான். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது செய்தியாகாத இன்னொன்று: உப்பு.

எங்கள் வீட்டில் உப்பு இருப்பது பீங்கான் ஜாடியில். எவர்சில்வர் டப்பாவில் போட்டால் அம்மா திட்டுவார். ‘டப்பா பொத்துப்போகும்’ என்பார். துருவே பிடிக்காது என்று பெயர் வாங்கிய பாத்திரத்தை உப்பு எப்படிப் பொத்தாக்கும்? எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள மிக மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்து உள்ளே போகும். பாத்திரம் முழுக்க அரிக்காது, புள்ளி புள்ளியாகக் குழி விழும். அந்த இடத்தில் உலோகம் இழுவிசையிலும் இருந்தால் குழியின் அடியிலிருந்து விரிசல் கிளம்பி, கிளை கிளையாகப் பிரிந்து சுவருக்குள் இறங்கும். இதைக் குளோரைடால் வரும் தகைவு அரிப்பு விரிசல் என்கிறார்கள்.

அப்படி விரிய மூன்றும் ஒருசேர வேண்டும்: அதற்கு இடம்கொடுக்கும் உலோகம், இழுவிசை, ஈரமான உப்பு. முதலாவது எவர்சில்வர் இனத்தின் சுபாவம். சான் ஓனோஃப்ரேயின் நிலத்தடிக் கலங்கள் மாலிப்டினம் கலந்த 316எல் ரகம். சாதாரண 304-ஐவிட நன்றாகத் தாங்கும், ஆனால் முழு விலக்கு கிடையாது. இரண்டாவது வெல்டிங்கால் வருகிறது. உருக்கி ஒட்டிய உலோகம் ஆறும்போது சுருங்க முயலும், பக்கத்து உலோகம் விடாது. அந்த இழுபறி வெல்டிங் ஓரத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் மாதிரிக் கலம் ஒன்றைச் செய்து அளந்தது. வெல்டிங் பகுதியில் இழுவிசை மேற்பரப்போடு நிற்காமல் சுவரின் குறுக்கே உள்வரை இருந்தது.

மூன்றாவதைத்தான் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடிக்குள்ளேயே நசநசத்துப் போகிறதே, அதற்குக் காரணம் சோடியம் குளோரைடு மட்டும் அல்ல. சுத்தமான சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீர்க்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கலத்தின் மேல் படிவதும் கடலுப்புதான். கலத்தைக் குளிர்விக்க வரும் காற்றே அதைக் கொண்டுவருகிறது. அந்தக் காற்றை நிறுத்த முடியாது.

இப்போது கலத்தின் சூட்டைச் சேர்த்து யோசியுங்கள். புதிதாக நிரப்பிய கலம் கொதிக்கிறது. சூடான பரப்பை ஒட்டிய காற்றில் ஒப்பு ஈரப்பதம் மிகக் குறைவு. உப்பு படிந்தாலும் வறண்ட தூளாகவே கிடக்கும், ஒன்றும் செய்யாது. ஆண்டுகள் போகப் போக எரிபொருளின் சூடு தணியும். கலம் ஆறும். ஒரு கட்டத்தில் அந்தத் தூள் ஈரத்தை இழுத்து நீர்க்கத் தொடங்கும். அரிப்புக்குக் கதவு திறப்பது அப்போதுதான். உள்ளே இருக்கும் எரிபொருளின் வீரியம் குறைந்துகொண்டே வரும் அதே காலத்தில், அதைச் சுற்றியுள்ள சுவருக்கான ஆபத்து தலையெடுக்கிறது. கலம் முழுவதும் ஒரே நேரத்தில் ஆறுவதும் இல்லை. குளிர்காற்று நுழையும் அடிப்பகுதி முதலில் ஆறும். அடிப்பகுதியிலும் வெல்டிங் இருக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கா? இல்லை. தென்னாப்பிரிக்காவின் கோபர்க் நிலையத்தில், கேப் டவுன் அருகே கடற்கரையில், எவர்சில்வர் நீர்த்தொட்டிகள் சுமார் 17 ஆண்டுகளில் இப்படி விரிந்தன. இன்னும் பக்கத்து உதாரணம் சான் ஓனோஃப்ரேயிலேயே இருக்கிறது. 2009-இல் அங்கே திறந்தவெளியில் கடற்காற்று பட்டுக்கொண்டிருந்த மூன்று 304 ரகக் குழாய்களில், வெல்டிங் ஓரத்தில், சுவரைத் துளைத்து வெளிவந்த விரிசல்களைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 25 ஆண்டுகள் உழைத்த குழாய்கள். அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2012-இல் எல்லா நிலையங்களுக்கும் அனுப்பிய எச்சரிக்கைக் குறிப்பில் இத்தகைய அனுபவங்களைச் சொல்லி, உலர்கலங்களுக்கும் இது நேரலாம் என்று எழுதியது. குழாய் ஆறியிருந்தது, கலம் சூடாக இருக்கிறது என்ற வேறுபாட்டை மறக்கக்கூடாது. ஆனாலும் அது அதே கடற்கரை, அதே காற்று.

அப்புறம்தான் கலங்களை நேரில் பார்க்கும் முயற்சிகள் வந்தன. 2012-இல் மேரிலாந்தின் கால்வர்ட் கிளிஃப்ஸ், 2013-இல் நியூஜெர்சியின் ஹோப் கிரீக், 2014 ஜனவரியில் கலிபோர்னியாவின் டியாப்லோ கேன்யன். தூசியைச் சுரண்டியெடுத்துச் சாண்டியாவில் ஆராய்ந்தார்கள். விரிகுடாவை ஒட்டிய முதல் இரண்டு இடங்களில் குளோரைடு குறைவு. பெருங்கடலின் அலை பாறையில் மோதிச் சிதறும் டியாப்லோ கேன்யனில், வைத்துச் சில ஆண்டுகளே ஆன கலங்களின் மேல் கடலுப்புத் துகள்கள் இருந்தன. கடல் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, அலை உடைய வேண்டும். நுரைதான் உப்பைக் காற்றில் ஏற்றுகிறது.

இந்த மூன்று ஆய்வுகளும் இன்னொன்றையும் புரியவைத்தன. கம்பியின் முனையில் கருவியைக் கட்டி நுழைத்தால் எட்டும் இடம் மிகக் குறைவு. கலம் முழுவதையும், குறிப்பாக வெல்டிங் கோடுகளை, பார்க்க வேண்டுமானால் தானாக ஊர்ந்து போகும் ஒன்று தேவை.

அந்த ஊர்தியைச் செய்வது சுலபமில்லை. காற்றுத் துவாரம் நேராக உள்ளே போவதில்லை. கதிர்வீச்சு நேர்க்கோட்டில் வெளியே தப்பிவிடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். ரோபோ அந்த வளைவுகளில் திரும்ப வேண்டும், பிறகு சில அங்குல இடுக்கில் செங்குத்தாக இறங்க வேண்டும். தொழிற்சாலைகளில் இரும்புத் தொட்டிகளைச் சோதிக்கும் ரோபோக்கள் காந்தச் சக்கரத்தால் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பாத்திரக்கடையில் காந்தத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிக்கல் உடனே புரியும்: நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. ஆகவே சில வடிவமைப்புகளில் ரோபோ எதிர்ப்பக்கச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. கான்கிரீட் உறையின் உள்வரிசைத் தகடு சாதாரண இரும்பு என்பதால் அதில் காந்தச் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக் கலத்தைப் பார்க்கும். வேறு சில, காற்றை உறிஞ்சிக் கலத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் உருவான ‘பிரின்ஸ்’ என்ற ரோபோ ரயில்பெட்டிகள்போல் சிறுசிறு வண்டிகளைக் கோத்தது. ஒன்றில் கேமரா, இன்னொன்றில் ஒலிக்கருவி, இப்படி. வளைவில் திரும்ப அந்தக் கோர்வை உதவுகிறது.

சூடும் கதிர்வீச்சும் மின்னணுப் பாகங்களைத் தின்னும். கேமராவில் படும் காமா கதிர்கள் படத்தில் வெள்ளைப் பொறிகளாகத் தெறிக்கும், நாளடைவில் கேமராவே போய்விடும். அதனால் மூளையை வெளியே வைத்துவிட்டு, கண்ணையும் காலையும் மட்டும் உள்ளே அனுப்புகிறார்கள். இணைப்பது ஒரு கேபிள். மின்சாரமும் படமும் அதில் போகும். வண்டி மக்கர் செய்தால் இழுத்தெடுக்கும் கயிறும் அதுதான். உள்ளே சிக்கிக்கொண்டு திரும்பி வராத ரோபோ, பார்க்கப் போகாத ரோபோவைவிட மோசமான சங்கதி. ரோபோவை இயக்குபவரின் கவனத்தில் பாதி கேபிள் எங்கே உரசுகிறது, எங்கே முறுக்கிக்கொள்கிறது என்பதிலேயே போய்விடும்.

சரி, உள்ளே போயாயிற்று. எதைப் பார்ப்பது? தகைவு அரிப்பு விரிசலின் வாய் தலைமுடியைவிட மெலிதாக இருக்கலாம், மேலே தூசி வேறு. கேமராவில் தெரியக்கூடியது விரிசலின் வாய் அல்ல, அதன் அறிகுறி: துருக்கறை, குழி, உப்புப் படிவு. அவை வெல்டிங் ஓரத்தில் தெரிந்தால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2020-இல் கொண்டுவந்த என்-860 என்ற விதித்தொகுப்பும் இந்தக் கலங்களை எப்படிச் சோதிப்பது என்று வரையறுக்கத்தான் எழுந்தது.

அடுத்த சோதனையில் கேட்கத் தெரிய வேண்டும். மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போம். நல்ல பானை கணீரென்னும், கீறல் விழுந்தது சொத்தென்னும். காதுக்கு எட்டாத ஒலியை உலோகத்துக்குள் அனுப்பிப் பார்க்கும் மீயொலிச் சோதனையும் அடிப்படையில் அதுவே. வழக்கமான முறையில் கருவிக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு கூழ் தடவ வேண்டும், இல்லையேல் ஒலி உள்ளே இறங்காது. இங்கே கூழைத் தடவினால் சூட்டில் காயும், கலத்தின் மேல் அன்னியப் பொருள் தங்கிவிடும், துடைக்கவும் ஆளில்லை. அதனால் மின்காந்த முறையைக் கொண்டுவந்தார்கள். கம்பிச்சுருளில் மின்துடிப்பும் பக்கத்தில் காந்தமும் சேர்ந்து உலோகத்துக்குள்ளேயே ஒலியை எழுப்பும். கூழ் வேண்டாம். எழுந்த ஒலி தகட்டின் வழியாகவே பக்கவாட்டில் ஓடும், விரிசல் குறுக்கிட்டால் எதிரொலியாகத் திரும்பும். ரோபோ எட்ட முடியாத இடத்தையும், அது நிற்கும் இடத்திலிருந்தே ஓரளவு கேட்க முடிகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முன்னேற்றம் இது.

இவ்வளவு பாடுபட்டு வெளியிலிருந்து பார்க்க வேண்டிய கட்டாயம் ஏன் என்றால், உள்ளிருந்து சேதி சொல்ல ஏற்பாடு எதுவும் இல்லை. ஜெர்மனியின் காஸ்டர் வகைக் கலங்கள் மிகத் தடித்த சுவர் கொண்டவை, போல்ட் போட்டு மூடுபவை. இரண்டு மூடிகளுக்கு நடுவே உள்ள அழுத்தத்தை எப்போதும் கண்காணிப்பார்கள். அழுத்தம் மாறினால் மணி அடிக்கும். வெல்டிங் செய்து மூடிய அமெரிக்கக் கலத்தில் அந்த வசதி கிடையாது. வெல்டிங் கசியாது என்ற நம்பிக்கையில் கட்டியது. ரோபோவின் கண்ணை மூடிவிட்டால் நமக்கு வேறு ஜன்னல் இல்லை.

விரிசல் முழுவதும் துளைத்துவிட்டால் என்ன ஆகும்? அணு உலை வெடிப்பதுபோன்ற காட்சியைக் கற்பனை செய்ய வேண்டாம். எரிபொருள் சுட்ட பீங்கான்போன்ற திடப்பொருள், அதுவும் சிர்கோனியக் குழாய்களுக்குள் இருக்கிறது. மயிரிழை விரிசலில் முதலில் தப்புவது ஹீலியம். பிறகு வெளிக்காற்று உள்ளே நுழையலாம். மந்த வாயுவுக்குள் இருக்க வேண்டிய குழாய்களுக்கு ஆக்சிஜன் பட்டால் நீண்டகாலத்தில் நல்லதல்ல. கதிரியக்கம் கசிந்தால் மிகச் சிறு அளவே இருக்கும் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டை நான் தள்ளவில்லை. ஆனால் அதைச் சொல்லிப் பார்வையைக் குறைத்துக்கொள்வதை ஏற்க முடியாது.

ஏனென்றால் பழுது பார்க்கும் இடமும் போய்க்கொண்டிருக்கிறது. கலத்தைத் திறந்து எரிபொருளை வேறு கலத்துக்கு மாற்றத் தோதான இடம் நிலையத்தின் நீர்க்குளம்தான். சான் ஓனோஃப்ரேயில் 2020 ஆகஸ்டில் கடைசிக் கலத்தை இறக்கிய பிறகு குளங்களுக்கு வேலையில்லை, இடிப்புத் திட்டத்தில் அவையும் சேர்ந்தன. அதற்கு முன், கலங்களை எப்படிச் சோதிப்பீர்கள், பழுதானால் என்ன செய்வீர்கள் என்று கலிபோர்னியக் கடற்கரை ஆணையம் கேட்டது. 2020 ஜூலையில் அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பழுதுக்கான விடையும் ரோபோதான். குளிர்தெளிப்பு என்ற முறையில் நிக்கல் தூளை மிகுந்த வேகத்தில் அடித்துக் கீறலின் மேல் பூச்சாகப் படிய வைப்பது. உருக்குவதில்லை, அதனால் புதிய இழுவிசையும் சேராது. செய்து காட்டியிருக்கிறார்கள். நல்ல உத்தி. ஆனால் குளம் ஒன்று இருந்த இடத்தை, கேபிளில் தொங்கும் ஒரு தெளிப்பான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அந்தத் திட்டத்தின்படி 2024 முதல் ஐந்தாண்டுக்கு இரண்டு கலங்களை ரோபோ பார்க்கும். எரிபொருள் இல்லாத சோதனைக் கலம் ஒன்றை இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும். எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை, சீக்கிரம் பழுதாக வாய்ப்புள்ள கலத்தைத் தேர்ந்து அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் மாற்றத்தைக் காட்டும் என்பது பொறியாளர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய இரண்டைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால்கூட, 123-ஐயும் பார்த்து முடிக்க 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கலம் ஆற ஆறச் சோதனையும் அடிக்கடி நடக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் உரிமக் காலம் முடிந்து நீட்டிப்புக் கேட்கும்போது, வயதாவதைக் கண்காணிக்கும் திட்டத்தை ஒவ்வொரு நிலையமும் காட்டியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. எண்ணிக்கையை உயர்த்த அதுதான் தருணம்.

நம்மூர் வாசகர்கள் கூடங்குளத்தை நினைப்பார்கள். அங்கே 2019 ஜூலையில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்துத் தள்ளிவைத்தார்களே, அந்தத் திட்டம் உலைக்கு வெளியே கட்டும் நீர்க்குளத்தைப் பற்றியது. அதில் இந்தக் கலம் இல்லை, இந்த விரிசல் கணக்கை அப்படியே பொருத்தக்கூடாது. நீர்க்குளத்துக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. பம்பும் மின்சாரமும் இடைவிடாமல் வேண்டும் என்பது அவற்றில் முதலாவது.

சான் ஓனோஃப்ரேயில் விரிந்த குழாய்களுக்கு வயது ஏறக்குறைய 25 என்று சொன்னேன். அதே கடற்கரையில் 2003-இல் வைத்த கலங்களுக்கு 2028-இல் அந்த வயது நிறைகிறது. அவை அந்தக் குழாய்களைப்போல் ஆறியவை அல்ல, திறந்தவெளியில் நிற்பவையும் அல்ல. உறைக்குள், கொஞ்சம் கொஞ்சமாக ஆறிக்கொண்டிருக்கின்றன.